பத்து நிமிடத்தில் எந்த மலேசியாவைச் சொல்வது?

கேள்வி:

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம். நான் பினாங்குப் பெண். இப்போது இங்கிலாந்தில் முதலாண்டு படிக்கிறேன். அப்பா தமிழர், கொள்ளுத்தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்த குடும்பம். அம்மா ஹொக்கியன் மொழி பேசும் சீனர். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தேன், அப்புறம் தேசிய இடைநிலைப் பள்ளி. வீட்டில் தமிழ், ஹொக்கியன், மலாய், ஆங்கிலம் எல்லாம் ஓடும். சீன எழுத்து மட்டும் படிக்கத் தெரியாது.

அடுத்த மாதம் இங்கே அனைத்துலக மாணவர் வாரம். ‘என் நாடு, என் பண்பாடு’ என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேச என் பெயரைப் போட்டுவிட்டார்கள். நான் பேசினால் அது மலேசியாவா? தமிழ் மாணவர் மன்றத்துக்குப் போனால், "நீங்க தமிழா? பார்த்தா தெரியலையே" என்கிறார்கள். சீன மாணவர்கள் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். விண்ணப்பப் பாரங்களில் இனம் கேட்டால் எந்தக் கட்டத்தில் அடையாளம் போடுவது என்றுகூடத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் எல்லாமே இரண்டு. பொங்கலுக்கும் கரும்பு வரும், தீ கோங் சாமிக்கும் கரும்பு வரும். இதையெல்லாம் சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது. அப்பா சேலை கட்டிக்கொண்டு பேசு என்கிறார். அம்மா "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். அப்பா அம்மா கல்யாணத்துக்கு அம்மா பக்கத்தில் யாரும் வரவில்லை. நான் பிறந்த பிறகு குவா மா, அதாவது அம்மாவின் அம்மா, மட்டும் வந்து போக ஆரம்பித்தார். பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்பார்களாம். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எதைச் சொல்வது, எதை விடுவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

‘இதையெல்லாம் சொன்னால் யாருக்கும் புரியாது’ என்று நீங்கள் ஒதுக்கிய வரியில்தான் உங்கள் பத்து நிமிடமும் இருக்கிறது. அந்தக் கரும்புக்குப் பிறகு வருகிறேன். முதலில் தலையில் தூக்கி வைத்திருக்கும் சுமையைக் கொஞ்சம் இறக்கிவிடலாம்.

‘என் நாடு, என் பண்பாடு’ என்பது சுவரொட்டியில் அச்சடிக்க வசதியான தலைப்பு, அவ்வளவுதான். 3 கோடிக்கும் அதிகமான மக்களுக்குப் பேராளராக உங்களை யாரும் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. கிளந்தானில் பிறந்த மலாய்ப் பெண் பேசினால் ஒன்று சொல்வார். சபாவிலிருந்து வந்த கடஸான் பையன் வேறொன்று சொல்வான். ஈப்போவில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் சீனக் குடும்பத்துப் பிள்ளை இன்னொன்று சொல்லும். அவர்கள் யாரும் ‘நான் பேசினால் அது மலேசியாவா’ என்று தங்களையே கேட்டுக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் கேட்டுக்கொள்கிறீர்கள். சின்ன வயதிலிருந்து அந்தக் கேள்வியை உங்களிடம் மற்றவர்கள் கேட்டுக் கேட்டு, இப்போது யாரும் கேட்காமலே அது வந்துவிடுகிறது.

கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம் ஒன்று உண்டு. பேச வாயைத் திறக்கும் முன்பே தகுதிச் சான்றிதழை நீட்டிவிடுவார்கள். அப்பா இன்னார், அந்த மொழி இவ்வளவு தெரியும். அம்மா இன்னார், அந்த மொழி இவ்வளவு தெரியாது. உங்கள் கடிதமும் அப்படித்தான் தொடங்குகிறது. எனக்கு எழுதும்போது அது சரி, ஆலோசனைக்கு விவரம் வேண்டும். மேடையில் அப்படித் தொடங்கினால், கேட்பவர்கள் உங்கள் பேச்சை விட்டுவிட்டு உங்கள் முகத்தில் எது அப்பா, எது அம்மா என்று தேட ஆரம்பிப்பார்கள்.

இந்த மாதிரிப் பேச்சுகளுக்கு மலேசிய மாணவர்கள் கொண்டுபோகும் படங்கள் எனக்கு மனப்பாடம். கொடி, இரட்டைக் கோபுரம், நாசி லெமாக், கடைசியில் பாஜு குரோங், சியோங்சாம், சேலை உடுத்திய மூன்று பெண்கள் வரிசையாக நின்று சிரிக்கும் சுற்றுலாத் துறைப் படம். அந்தக் கடைசிப் படத்தை எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு இனம், ஆளுக்கு ஓர் உடை என்று பிரித்து நிறுத்திய படம் அது. உங்களுக்கு அதில் நிற்க இடமே இல்லை. அந்த மூவரில் இருவர் உங்கள் வீட்டில் ஒரே மேசையில் பசியாறுகிறார்கள். அதை எந்தச் சுற்றுலாச் சுவரொட்டியும் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல முடியும்.

இனி கரும்பு. ஜனவரி நடுவில் பொங்கல், வாசலில் தோகையோடு கரும்பு நிற்கிறது. அது காய்ந்து சருகாகிச் சில வாரத்தில் சீனப் புத்தாண்டு வந்துவிடும். அதன் எட்டாம் நாள் இரவு நள்ளிரவை நெருங்கும்போது, பினாங்கு ஹொக்கியன் வீடுகளில் வானத்தைப் பார்த்து மேசை போடுவார்கள். விண்ணுலகை ஆளும் ஜேட் பேரரசர்தான் நீங்கள் எழுதிய தீ கோங். ஒன்பதாம் நாள் அவருக்குப் பிறந்தநாள். மேசைமேல் சிவப்பு ஆமைப் பலகாரம், அன்னாசி, ஊதுபத்தி. மேசையின் இரண்டு பக்கமும் தோகை வெட்டாத முழுக் கரும்பு. ஏன் கரும்பு என்று கேட்டால் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். முன்னொரு காலத்தில் படைக்குப் பயந்து ஓடிய ஹொக்கியன் மக்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார்களாம், வெளியே வந்தது ஒன்பதாம் நாளாம். பூசை முடிந்து காணிக்கையாகத் தங்கத் தாளை எரிக்கும்போது கரும்பையும் அந்த நெருப்பில் போட்டுவிடுவார்கள்.

விளைச்சலுக்கு நன்றி சொல்ல ஒரு கரும்பு, உயிர் தப்பியதற்கு நன்றி சொல்ல ஒரு கரும்பு. இரண்டும் ஒரே வாசலுக்கு வருகின்றன. இதை இங்கிலாந்துக்காரர்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? நன்றி சொல்வதும் புரியும், தப்பிப் பிழைப்பதும் புரியும். ‘மலேசியா பல இன மக்கள் ஒற்றுமையாக வாழும் நாடு’ என்ற வாக்கியம்தான் அவர்களுக்குப் புரியாது. கேட்ட மறுநிமிடமே மறந்துபோகும்.

கரும்புக் கதைக்கு உயிர் கொடுக்கப்போவது உங்கள் வீட்டு விவரம். பொங்கல் கரும்பை யார் வாங்கி வருவார்? எப்படிக் கொண்டுவருவார், மோட்டார் சைக்கிளில் குறுக்கே வைத்துக் கட்டியா, காரின் ஜன்னல் வழியாகத் தோகை வெளியே ஆடவா? தீ கோங் மேசைக்குக் கரும்பைக் கட்டுவது அம்மாவா, அப்பாவா? முதல் கரும்பைக் கடித்துத் தின்னக் கொடுத்தவர்கள் அடுத்த கரும்பை நெருப்பில் போட்டபோது சின்னப் பிள்ளையாக என்ன நினைத்தீர்கள்? இவற்றுக்கான பதில்களை எழுதி வையுங்கள். தாளில் எழுதும்போதே பேச்சு தானாக உருவாகிவிடும். பெரிய தத்துவம் எதையும் கடைசியில் ஒட்ட வேண்டாம். கரும்பு எரிந்ததோடு நிறுத்தினாலும் போதும்.

இன்னொன்று. ‘எங்கள் வீட்டில் எல்லாமே இரண்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் எல்லாமா? குவான் யின் தெய்வத்தை வணங்கும் சீனக் குடும்பங்கள் பலவற்றில் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. இந்து வீடுகளிலும் பெரும்பாலும் இல்லை. உங்கள் வீட்டில் எப்படி? தைப்பூசத்தன்று ரதம் தண்ணீர்மலையை நோக்கி வரும்போது வழியெங்கும் தேங்காயை மலைபோலக் குவித்து வைத்து உடைப்பவர்களில் சீனர்கள் எவ்வளவு பேர் என்று பினாங்கில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்பா பக்கத்து வழக்கம், அம்மா பக்கத்து வழக்கம் என்று பிரிக்க முடியாதபடி ஒன்றாகிப்போன விஷயங்களும் உங்கள் வீட்டில் இருக்கும். அவற்றில் ஒன்றாவது பேச்சில் வரட்டும். இரண்டு பட்டியலை அடுத்தடுத்துப் படிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஊர் பேர் தெரியாத கூட்டம் என்பதால் கொஞ்சம் பின்னணி தேவைதான். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் பூமிபுத்திராக்கள், அதாவது மலாய்க்காரர்களும் மற்றப் பூர்வகுடிகளும், 69 விழுக்காட்டுக்குச் சற்று மேல், சீனர் 23 விழுக்காட்டுக்குச் சற்று மேல், இந்தியர் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். துறைமுகத்தையும் வியாபாரத்தையும் ஈயத்தையும் தேடிச் சீனர்கள் வந்தார்கள். ரப்பர் தோட்டங்களுக்கு ஊரில் ஆள் சேர்க்கும் கங்காணிகள் மூலமாகவும், பிறகு வேறு வழிகளிலும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். கூலிகளை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. இதை இங்கிலாந்தில் நின்று சொல்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். "என் அப்பா குடும்பமும் அம்மா குடும்பமும் ஒரே தீவில் சந்தித்ததில் உங்கள் ஊருக்கும் பங்கு உண்டு" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். கூட்டம் நிமிர்ந்து உட்காரும். குற்றம் சாட்டும் குரல் வேண்டாம், நன்றி சொல்லும் குரலும் வேண்டாம். தகவலாகச் சொன்னாலே போதும்.

அடுத்து இந்தப் ‘பாதி’ விவகாரம். கடிதத்தில் நீங்கள் அந்தச் சொல்லை எழுதவில்லை, ஆனால் வரிக்கு வரி அதன் நிழல் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு வருடத்தில் மூன்று வருடம் நீங்கள் சீனப் பெண்ணாக உட்கார்ந்திருக்கவில்லை. குவா மாவோடு பேசும்போது ஒரு வாக்கியம் விட்டு ஒரு வாக்கியம் தமிழச்சியாகவும் மாறுவதில்லை. கணக்குப் போட்டுப் பிரிக்கும் வேலையை அரசாங்கப் பாரங்கள் செய்யட்டும், அவற்றுக்கு அது தேவை. அந்தப் பாரங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதையும் பாருங்கள். மலேசியாவில் பிள்ளையின் இனம் பெரும்பாலும் அப்பாவின் இனமாகவே பதிவாகிறது, அதனால் அரசாங்கப் பதிவில் நீங்கள் பெரும்பாலும் இந்தியர். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் பிறந்திருந்தால், 2011 ஜனவரியிலிருந்து இரண்டு இனத்தையும் சேர்த்துப் பதிய வழி இருக்கிறது. ஆள் ஒருவர்தான். எந்த எல்லைக்குள் பிறந்தார் என்பதை வைத்து இனம் மாறுகிறது. அப்படிப்பட்ட ஒன்றை வைத்தா நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது?

அமெரிக்காவில் மரியா ரூட் என்ற உளவியலாளர், கலப்பு மரபில் பிறந்தவர்களுக்கான உரிமைகள் என்று 1990களில் ஒரு சிறு பட்டியல் எழுதினார். எங்கள் துறையில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறோம். நான் இந்த உலகில் இருப்பதற்கு யாரிடமும் நியாயம் சொல்லத் தேவையில்லை என்பது அதில் ஒன்று. இடத்துக்குத் தக்கபடி என்னை வெவ்வேறு விதமாக அடையாளப்படுத்திக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது உங்களுக்கு ரொம்ப முக்கியம். தமிழ் மன்றத்தில் தமிழ்ப் பெண்ணாகவும் மலேசிய நண்பர்களிடம் பினாங்குக்காரியாகவும் இருப்பது வேஷம் அல்ல. ஒவ்வொரு இடத்திலும் முழு வரலாற்றையும் ஒப்பிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அந்த மன்றத்தில் கேட்ட கேள்வி உறுத்தியிருக்கிறது, தெரிகிறது. கேட்டவர் பெரும்பாலும் வெடுக்கென்று கேட்டிருப்பாரே தவிர, குத்த நினைத்திருக்க மாட்டார். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். மலேசியாவில் தமிழர் முகம் ஒரே மாதிரி இருந்ததே இல்லை. அந்தக் காலத்தில் வறுமையாலும் ஆண்பிள்ளை ஆசையாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. சேலை கட்டி, பொட்டு வைத்து, தமிழைத் தவிர வேறு மொழி அறியாத சீன முகப் பாட்டிகளைத் தோட்டப்புறத்தில் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மலாக்காவுக்குப் போனால் கதை இன்னும் பழையது. சுல்தான்கள் காலத்தில் வியாபாரம் செய்ய வந்து, உள்ளூரில் பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் மலாக்காச் செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா, கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையதுதான். பொங்கலை விட்டுவிட்டார்களா என்றால், இல்லை. ஆக, நீங்கள் புதிதாக முளைத்த விதிவிலக்கு அல்ல, பல நூற்றாண்டுகளாக இந்தத் தீபகற்பத்தில் நடந்துவருவதன் சமீபத்திய வரவு.

இதையெல்லாம் மன்றத்தில் போய்ப் பாடமாக நடத்தச் சொல்லவில்லை. "ஆமா, பினாங்குத் தமிழ்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, "நீங்க எந்த ஊர்?" என்று திருப்பிக் கேளுங்கள். அங்குள்ள பலர் ஈழத்திலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர்களாக இருக்கலாம். ‘உண்மையில் எந்த ஊர்’ என்ற கேள்வியை அவர்களும் நிறையச் சந்தித்திருப்பார்கள். பேச்சு அங்கிருந்து நன்றாகவே போகும்.

சீன மாணவர்கள் ஆங்கிலத்தில் பேசுவதைப் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுடையது மாண்டரின், உங்களுடையது ஹொக்கியன். ஆங்கிலத்தை விட்டால் பொதுமொழி ஏது? ஹொக்கியன் புழங்கும் சியாமென் பக்கமோ தைவானோ சேர்ந்த யாராவது இருந்தால் குவா மாவிடம் பேசுவதுபோலப் பேசிப் பாருங்கள். முக்கால்வாசி புரியும். நடுவில் உங்கள் ஆட்கள் கலந்து பேசும் மலாய்ச் சொல் வரும்போது முழிப்பார்கள், அதுவும் வேடிக்கையாக இருக்கும்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான பகுதி. உங்கள் கடிதத்தில் அப்பா வருகிறார், கொள்ளுத்தாத்தா வருகிறார், பால்மரம் வருகிறது, அப்பாவின் சேலை யோசனையும் வருகிறது. அம்மா பேசியதாக நீங்கள் எழுதியது "உன் இஷ்டம்" மட்டும்தான். அதற்கு அடுத்த வரியிலேயே கல்யாணத்துக்கு யாரும் வராத சேதி. அதற்கும் அடுத்ததாகக் கேள்வி நேரத்தைப் பற்றிய பயம். இவை மூன்றும் தற்செயலாக அடுத்தடுத்து வந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவர் எழுந்து, "உங்கள் பெற்றோர் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் சம்மதித்தார்களா?" என்று கேட்டுவிடுவார் என்பதுதான் வயிற்றைக் கலக்குவது, இல்லையா?

கேட்கத்தான் செய்வார்கள். ஆவலில் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் அம்மாவின் வீட்டாரைக் கூண்டில் ஏற்றியதுபோல் இருக்கும். மழுப்பினால் கரும்புக் கதை முழுவதும் பொய் மாதிரி உங்களுக்கே தோன்றும். இதில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்தக் கல்யாணத்தின் கதை உங்களுடையது அல்ல, அம்மாவுடையது. அதை வெளியே சொல்வதா, எவ்வளவு சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் பேச்சுக்கு முன் அம்மாவைக் கூப்பிடுங்கள். அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள். "கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் என்னம்மா சொல்வது?" என்று நேரடியாகவே கேளுங்கள். குவா மா முதன்முதலாக வீட்டுக்கு வந்த நாளைப் பற்றியும் கேளுங்கள். என்ன கொண்டுவந்தார், எங்கே உட்கார்ந்தார், உங்களைத் தூக்கினாரா, எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்? கல்யாணத்தைப் பற்றி வாய் திறக்காத அம்மாக்கள்கூட, பிள்ளை பிறந்த கதை என்றால் பேசுவார்கள்.

"உன் இஷ்டம்" என்பதை நான் கோபமாகப் படிக்கவில்லை. தன் பக்கத்திலிருந்து எதையும் வற்புறுத்தும் உரிமை தனக்கு இல்லை என்று நீண்ட நாளாக ஒதுங்கி நிற்கும் ஒருவரின் பேச்சாகவும் அது இருக்கலாம். பிள்ளையின் பதிவில் தன் இனம் இல்லை, பள்ளி அப்பாவின் மொழிப் பள்ளி, தன் சொந்தக்காரர்களும் விலகி நின்றார்கள். நான் ஊகித்துத்தான் சொல்கிறேன், தவறாகவும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள். தீ கோங் மேசையைப் பற்றிப் பேசப் போகிறேன், எது முதலில் வைக்கப்படும் என்று சொல்லித் தாருங்கள் என்று கேட்டால் எப்படி மறுமொழி வருகிறது பாருங்கள்.

அம்மா சொல்லலாம் என்றால், அவர் அனுமதித்த அளவுக்குச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் மேடையில் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "அது என் அம்மாவின் கதை, அவர் வரும்போது அவரிடமே கேளுங்கள்." சிரித்த முகத்தோடு சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். கண்ணாடி முன் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் ஒத்திகை பார்த்தது கூட்டத்தின் முன் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

இன்னொரு கேள்விக்கும் தயாராக இருங்கள்: "அங்கே இனப் பிரச்சினை இருக்கிறதா?" அரசியல் உரை நிகழ்த்த வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. 1969 மே 13 இனக் கலவரத்திலிருந்து தொடங்கினால் பத்து நிமிடம் பத்தாது. அதற்காக, எல்லோரும் கைகோத்துக்கொண்டு பாடுகிறோம் என்றும் சொல்ல வேண்டாம், உங்கள் வீட்டுக் கதையே அதை மறுத்துவிடும். "பாரத்தில் இனம் கேட்பார்கள், பள்ளிகள் மொழிவாரியாகப் பிரிந்திருக்கின்றன, பண்டிகைக்குத் திறந்த இல்ல உபசரிப்பில் எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போவோம், மூன்றும் ஒரே ஊரில்தான்" என்று நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள். ‘எந்தப் பக்கம் அதிகம் பிடிக்கும்?’ என்று யாராவது கேட்டால் பதிலே தேவையில்லை, "அடுத்த கேள்வி" என்று சிரித்துவிட்டு நகருங்கள்.

மேடை பயத்துக்குச் சில கைவேலைகள். பத்து நிமிடம் கொடுத்தால் எட்டு நிமிடத்துக்குத் தயாரியுங்கள். நிதானமாகப் பேசினால் ஆங்கிலத்தில் அது சுமார் ஆயிரம் சொற்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்ததும் எல்லாம் சரிந்துவிடும், அதனால் முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் உருப்போடுங்கள். கேள்வி நேரம் எவ்வளவு, யார் நடத்துகிறார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தோழியிடம் சொல்லி வைத்து முதல் கேள்வியை அவரையே கேட்கச் சொல்வதில் தவறே இல்லை. பெரிய பெரிய பேச்சாளர்களே செய்வதுதான்.

உடையைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. சேலையில் இயல்பாக நடக்க வரும் என்றால் சேலை. அப்பாவுக்குச் சந்தோஷம், உங்களுக்கும் கைவந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே பேச வேண்டிவரும் என்றால் வேண்டாம். ஒரு தோளுக்கு அப்பா பக்கம், ஒரு காதுக்கு அம்மா பக்கம் என்று நகையையும் துணியையும் பங்கு போட்டுக் கலக்கும் யோசனை மட்டும் வந்தால் உடனே விரட்டிவிடுங்கள். நீங்கள் பேசும் கரும்பை விட்டுவிட்டுக் கூட்டம் உங்கள் உடையைப் படிக்க ஆரம்பித்துவிடும்.

கடைசியாகப் பாரம். இங்கிலாந்தின் பட்டியல்களில் ‘ஆசியர்’ என்ற தலைப்பின்கீழ் இந்தியர், சீனர் இரண்டும் தனித்தனியாக இருக்கும். ‘கலப்பு’ என்ற தலைப்பின்கீழ் பெயர் சொல்லிக் கொடுக்கப்பட்டவை எல்லாம் வெள்ளையரோடு கலந்த மரபுகள். இந்தியரும் சீனரும் ஒருவரையொருவர் மணப்பார்கள் என்று பட்டியல் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை போலும். உங்களுக்குப் பொருந்துவது கலப்புப் பிரிவின் கடைசியில் வரும் ‘வேறு கலப்பு’ என்ற கட்டம். பக்கத்தில் எழுத இடம் விட்டிருந்தால் ‘தமிழ், ஹொக்கியன் சீனம்’ என்று எழுதிவிடுங்கள். சொல்ல விருப்பமில்லை என்ற கட்டம் இருந்து, அன்றைக்கு விளக்கம் சொல்லும் மனநிலை இல்லை என்றால் அதையும் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். பொதுவாக இவை புள்ளிவிவரத்துக்குச் சேகரிப்பவைதான், உங்கள் படிப்பையோ மதிப்பெண்ணையோ அது தொடாது.